ஆறு தீவனங்கள், 71 குஞ்சுகள்: பெட்டி வரைபடம் வரைந்து வகைகளை ஒப்பிடும் முறை

சூரியகாந்தித் தீவனம் தின்ற கோழிக்குஞ்சுகளின் சராசரி எடை 329 கிராம். கேசீன் என்ற பால் புரதம் தின்றவற்றின் சராசரி 324 கிராம். இந்த இரண்டு எண்களை மட்டும் காட்டிக் கேட்டால், "இரண்டும் ஒன்றுதான், மலிவானதை வாங்குங்கள்" என்றுதான் யாரும் சொல்வார்கள். குஞ்சுகளின் எடையைத் தனித்தனியாகப் பார்த்தவர் அப்படிச் சொல்லத் தயங்குவார். சூரியகாந்திக் குழுவில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கின்றன. கேசீன் குழுவிலோ 216 கிராம் நோஞ்சானும் உண்டு, 404 கிராம் கொழுத்ததும் உண்டு. சராசரி விழுங்கிவிட்ட இந்த வேறுபாட்டை, எண்களின் பரவலை ஒரு பெட்டியாகவும் அதன் இரு பக்கக் கோடுகளாகவும் காட்டும் பெட்டி வரைபடம் வெளியே கொண்டுவந்து வைக்கிறது.

இந்த எடைகள் நான் புனைந்தவை அல்ல. 1948-இல் 'பயோமெட்ரிகா' என்ற புள்ளியியல் ஆய்விதழில் எழுதியவர் பெயரின்றி வெளிவந்த தரவு இது. புதிதாகப் பொரித்த குஞ்சுகளைக் குலுக்கல் முறையில் ஆறு குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு தீவனம் கொடுத்து, ஆறு வாரம் கழித்து எடை போட்டிருக்கிறார்கள். 'ஆர்' (R) என்ற புள்ளியியல் மென்பொருளை நிறுவினால் இந்தத் தரவும் கூடவே வந்துவிடும். ஆறு தீவனங்கள்: கேசீன், சூரியகாந்தி, இறைச்சித் தூள், சோயா, ஆளிவிதை, ஹார்ஸ்பீன். கடைசியாகச் சொன்னதைக் கொள்ளு என்று எண்ணிவிடவேண்டாம். பெயரில் குதிரை இருந்தாலும் அது வேறு பயறு.

மென்பொருளைத் திறப்பதற்கு முன் ஒரு வேண்டுகோள். முதல் பெட்டியைக் கையால் வரையுங்கள். கால் மணி நேரம்தான் ஆகும். கையால் ஒருமுறை வரைந்தவருக்குத்தான் கணினி வரையும் பெட்டியில் எந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்பது புரியும்.

படி 1: தரவை ஒழுங்குபடுத்துங்கள்

ஒரு குஞ்சுக்கு ஒரு வரிசை. ஒரு பத்தியில் தீவனத்தின் பெயர், அடுத்ததில் எடை. தீவனம் என்பது வகை மாறி, எடை என்பது அளவு மாறி. ஆறு தீவனத்துக்கு ஆறு பத்தி என்று அகலமாக எழுதிவைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. கண்ணுக்கு அழகாக இருக்கும். பிறகு சேவலா பெட்டையா என்று இன்னொரு தகவலைச் சேர்க்கவேண்டி வந்தால் அந்த அமைப்பு குலைந்துபோகும்.

வகைகளை 1, 2, 3 என்று எண்களால் குறித்திருந்தால் கவனமாக இருங்கள். மென்பொருள் அவற்றை அளவு என்று எண்ணிக்கொண்டு, ஆறு பெட்டிக்குப் பதில் அர்த்தமில்லாத ஒரே பெட்டியை வரைந்துவிடக்கூடும். எண்களை நீக்கிவிட்டுப் பெயர்களை எழுதிவிடுவதே நல்லது.

அடுத்து, ஒவ்வொரு வகையிலும் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். நம் தரவில் ஹார்ஸ்பீன் 10, இறைச்சித் தூள் 11, சோயா 14, மற்ற மூன்றும் தலா 12. வரைபடம் முடிகிறவரை இந்த எண்ணிக்கை கையில் இருக்கவேண்டும். நாலு பேர் இருக்கும் வகைக்கு நான் பெட்டியே வரையமாட்டேன். நாலு புள்ளிகளை வைத்துவிடுவேன். நாலு எண்ணைச் சுருக்கி ஐந்து எண்ணாக்குவது வேடிக்கை.

படி 2: ஐந்து எண்களைக் கண்டுபிடியுங்கள்

சூரியகாந்திக் குழுவை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு எடைகளையும் ஏறுவரிசையில் எழுதினால்:

226, 295, 297, 318, 320, 322, 334, 339, 340, 341, 392, 423

பன்னிரண்டு இரட்டைப்படை என்பதால் நடுவில் இருவர்: 322, 334. இருவருக்கும் நடுவே 328. இதுதான் இடைநிலை, பாதிக் குஞ்சுகள் இதற்குக் கீழே, பாதி மேலே.

இப்போது கீழ்ப்பாதி ஆறையும் தனியாகப் பாருங்கள். அவற்றின் நடுவில் 297, 318. இரண்டுக்கும் நடுப்புள்ளி 307.5, இது முதல் கால்மானம். மேல்பாதியில் அதேபோல் 340-க்கும் 341-க்கும் நடுவே 340.5, இது மூன்றாம் கால்மானம். இவற்றுடன் மிகக் குறைந்த 226-ஐயும் மிகக் கூடிய 423-ஐயும் சேர்த்தால் ஐந்து எண்கள் கிடைத்துவிட்டன.

மொத்த எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் நடுவில் ஒருவரே நிற்பார். அவரை எந்தப் பாதியில் சேர்ப்பது? இங்கே நான் இரண்டு பாதியிலும் சேர்த்துக்கொள்கிறேன். இறைச்சித் தூள் குழுவில் 11 குஞ்சுகள், நடுவில் 263. அதை இரு பக்கமும் சேர்த்தால் கால்மானங்கள் 249.5, 320. சேர்க்காமல் விட்டால் 242, 325. இரண்டு முறைக்கும் ஆதரவாளர்கள் உண்டு. ஒன்றைப் பிடித்துக்கொண்டு எல்லா வகைக்கும் அதையே பின்பற்றினால் போதும்.

ஆறு குழுக்களுக்கும் இதே கணக்கைப் போட்டால் கிடைப்பது (எல்லாம் கிராமில்):

| தீவனம் | எண்ணிக்கை | குறைந்தது | முதல் கால்மானம் | இடைநிலை | மூன்றாம் கால்மானம் | கூடியது |
|---|---|---|---|---|---|---|
| கேசீன் | 12 | 216 | 271.5 | 342 | 373.5 | 404 |
| சூரியகாந்தி | 12 | 226 | 307.5 | 328 | 340.5 | 423 |
| இறைச்சித் தூள் | 11 | 153 | 249.5 | 263 | 320 | 380 |
| சோயா | 14 | 158 | 199 | 248 | 271 | 329 |
| ஆளிவிதை | 12 | 141 | 175 | 221 | 258.5 | 309 |
| ஹார்ஸ்பீன் | 10 | 108 | 136 | 151.5 | 179 | 227 |

படி 3: வேலி போட்டு, மீசை வரையுங்கள்

முதல் கால்மானத்திலிருந்து மூன்றாம் கால்மானம் வரை ஒரு பெட்டி. அதற்குள் இடைநிலையில் ஒரு தடித்த கோடு. பெட்டியின் நீளத்துக்குக் கால்மான வீச்சு என்று பெயர். சூரியகாந்திக்கு அது 340.5 − 307.5 = 33 கிராம்.

பெட்டிக்கு இரண்டு பக்கமும் மீசைபோல் நீளும் கோடுகளில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜான் டூக்கி 1977-இல் வெளியிட்ட தம் நூலில் பரப்பிய வழக்கம் இது: கால்மான வீச்சை 1.5-ஆல் பெருக்கி, அந்தத் தொலைவில் இரு பக்கமும் கண்ணுக்குத் தெரியாத வேலி போடவேண்டும். 33 × 1.5 = 49.5. ஆகவே கீழ் வேலி 307.5 − 49.5 = 258; மேல் வேலி 340.5 + 49.5 = 390.

மீசை வேலி வரை போகாது. வேலிக்கு உள்ளே இருக்கும் கடைசி உண்மையான குஞ்சு வரைதான் போகும். நான் முதன்முதலில் வரைபடத் தாளில் வரைந்தபோது மீசையை நேராக வேலி வரை இழுத்துவிட்டேன். 258 கிராமில் ஒரு குஞ்சுமே இல்லை, ஆனால் என் படத்தில் இருந்தது. சரியாக வரைந்தால் கீழ் மீசை 295-இல் நிற்கும். மேல் மீசை 340.5-இல் தொடங்கி 341-இலேயே முடிந்துவிடும்: அரை கிராம் மீசை. கணினித் திரையில் பெட்டிக்கு மேல்பக்கம் மீசையே இல்லாததுபோல் தோன்றும். மென்பொருளில் பிழை என்று நினைக்கவேண்டாம்.

வேலிக்கு வெளியே மிஞ்சியவை 226, 392, 423. இவற்றைத் தனித்தனிப் புள்ளிகளாகக் குறிக்கவேண்டும். விலகிய புள்ளிகள் என்பது இவற்றின் பெயர்.

படி 4: ஒரே அளவுகோலில் அடுக்குங்கள்

ஆறு பெட்டிகளும் ஒரே அச்சில், ஒரே அளவுகோலில் நிற்கவேண்டும். தனித்தனிப் படங்களாக வரைந்து பக்கம் பக்கமாக ஒட்டினால், ஒவ்வொன்றுக்கும் மென்பொருள் தனி அளவுகோல் வைத்துவிடும். ஒப்பீடு அத்தோடு போயிற்று.

வகைகளை எந்த வரிசையில் வைப்பது? மென்பொருளிடம் விட்டால் பெரும்பாலும் அகரவரிசையில் அடுக்கும். அதை ஏற்காதீர்கள். இயல்பான வரிசை இருந்தால் (வகுப்பு 6, 7, 8 என்பதுபோல்) அதை வையுங்கள். இல்லையென்றால் இடைநிலையின் இறங்குவரிசையில் வையுங்கள், மேலே அட்டவணையில் இருப்பதுபோல். படிக்கட்டுபோல் பெட்டிகள் இறங்கிவரும்போது கண் தானாகவே படிக்கும்.

தமிழில் வகைப் பெயர்கள் நீளமானவை. பெட்டிகளை நிமிர்த்தி வைத்தால் கீழே பெயர்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும், இல்லையென்றால் சாய்ந்து கழுத்தை வலிக்கச் செய்யும். பெட்டிகளைப் படுக்கவைத்தால் பெயர்கள் இடப்பக்கம் நேராக நிற்கும். எண்ணிக்கையையும் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்: 'சோயா (14)'. அச்சில் 'எடை, கிராம்' என்று அலகோடு குறிப்பிடுங்கள். ஆறு பெட்டிக்கு ஆறு வண்ணம் வேண்டியதே இல்லை. பெயர் பக்கத்திலேயே இருக்கும்போது வண்ணம் வெறும் அலங்காரம்.

படி 5: ஒரு வரிசையோடு படியுங்கள்

படம் வந்ததும் கண் முதலில் ஓடுவது விலகிய புள்ளிகளுக்கு. அதை அடக்கிக்கொண்டு முதலில் தடித்த கோடுகளை மட்டும் பாருங்கள். கேசீன் 342, சூரியகாந்தி 328, கீழே ஹார்ஸ்பீன் 151.5. சராசரியில் சூரியகாந்தி ஐந்து கிராம் முன்னால் இருந்தது. இடைநிலையில் கேசீன் 14 கிராம் முன்னால் இருக்கிறது. கேசீன் குழுவில் இருக்கும் 216-உம் 222-உம் சராசரியைக் கீழே இழுத்துவிட்டன. இடைநிலையை அவற்றால் அசைக்க முடியவில்லை.

அடுத்து பெட்டிகளின் நீளம். சூரியகாந்தி 33, கேசீன் 102. மூன்று மடங்கு. கறிக்கோழி வளர்ப்பவருக்கு எடை கூடுவது மட்டும் போதாது, எல்லாம் ஒரே சீராக இருக்கவேண்டும். அவரிடம் இந்தப் படத்தைக் காட்டினால் சூரியகாந்திப் பெட்டியைத்தான் தொட்டுக் காட்டுவார் என்று நினைக்கிறேன். பெட்டி வரைபடத்தின் முழுப் பயனும் எனக்கு இந்த ஓர் இடத்தில்தான் தெரிகிறது. கம்பி வரைபடம் வரைந்திருந்தால் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இரண்டு கம்பிகள் நின்றிருக்கும், அவ்வளவுதான்.

பெட்டிக்குள் இடைநிலைக் கோடு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கேசீனில் அது மேல் விளிம்பிலிருந்து 31.5 கிராம் தள்ளி நிற்கிறது, கீழ் விளிம்பிலிருந்து 70.5 கிராம். அதாவது கனமான குஞ்சுகள் நெருக்கமாகக் கூடியிருக்கின்றன, இலேசானவை சிதறிக் கிடக்கின்றன. இறைச்சித் தூளில் இதற்கு நேர்மாறு: கோடு கீழ் விளிம்பை ஒட்டி நிற்கிறது.

பிறகு பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று எவ்வளவு படிகின்றன என்று பாருங்கள். சோயாப் பெட்டி 271-இல் முடிகிறது, கேசீன் பெட்டி 271.5-இல் தொடங்குகிறது. ஹார்ஸ்பீனுக்கும் சூரியகாந்திக்கும் இடையே தூரம் இன்னும் அதிகம்: ஹார்ஸ்பீன் குழுவின் மிகக் கனமான குஞ்சு 227 கிராம், சூரியகாந்திக் குழுவில் எல்லாவற்றையும்விட இலேசானது 226 கிராம்.

கடைசியாகத்தான் விலகிய புள்ளிகள். மூன்றுமே சூரியகாந்திக் குழுவில் இருக்கின்றன. அந்த 226 கிராம் குஞ்சைப் பாருங்கள். கேசீன் குழுவில் அதைவிட இலேசாக 216, 222 என்று இரண்டு குஞ்சுகள் இருந்தும் அவை புள்ளியாகக் குறிக்கப்படவில்லை. ஏனென்றால் கேசீனின் கீழ் வேலி 118.5 வரை இறங்கிக் கிடக்கிறது. விலகல் என்பது குஞ்சின் குணமன்று. அது நிற்கும் கூட்டத்தைப் பொறுத்தது. ஒழுங்கான வரிசையில் நிற்பவன் ஓரடி தள்ளினாலும் தெரிந்துவிடும், சந்தைக் கூட்டத்தில் யாருக்கும் தெரியாது.

இதனால்தான் விலகிய புள்ளி என்றதும் அதை அழித்துவிடுவது தவறு. தட்டச்சுப் பிழையா, அளவைக் கருவிக் கோளாறா என்று மூலக் குறிப்பைப் பாருங்கள். பிழை என்று தெரிந்தால் திருத்துங்கள். தெரியாவிட்டால் அது அங்கேயே இருக்கட்டும். இயல்நிலைப் பரவலில் (நடுவில் குவிந்து இரு பக்கமும் சமமாகக் குறையும் மணி வடிவம்) வரும் சுத்தமான தரவிலும் ஆயிரத்துக்கு ஏழு புள்ளிகள் வேலிக்கு வெளியே விழத்தான் செய்யும். ஒரு லட்சம் வரிசை உள்ள தரவில் எழுநூறு புள்ளிகளைக் கண்டு பதறவேண்டியதில்லை.

படி 6: வேறுபாடு உண்மையா என்று கேளுங்கள்

பன்னிரண்டு குஞ்சுகளின் இடைநிலை 342 என்றால், வேறு பன்னிரண்டை வளர்த்தாலும் அதே எண் வரும் என்று பொருளல்ல. இதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு. 1978-இல் மெக்கில், டூக்கி, லார்சன் மூவரும் எழுதிய கட்டுரையில் வந்தது. கால்மான வீச்சை 1.58-ஆல் பெருக்கி, எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்து, வரும் எண்ணை இடைநிலைக்கு மேலும் கீழும் வையுங்கள். பெட்டியின் இடுப்பில் வெட்டுப்போல் அதை வரைவார்கள்.

சூரியகாந்திக்கு 1.58 × 33 ÷ 3.46, சுமார் 15. ஆகவே 313 முதல் 343 வரை. கேசீனுக்குச் சுமார் 46.5, 295.5 முதல் 388.5 வரை. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன, எனவே கேசீன்தான் மேல் என்று அடித்துச் சொல்ல இந்தத் தரவு போதாது. ஆளிவிதைக்கு 183 முதல் 259 வரை. சூரியகாந்தியைத் தொடவே இல்லை. அந்த வேறுபாட்டை நம்பலாம். கேசீனின் வெட்டு பெட்டியின் மேல் விளிம்பான 373.5-ஐயும் தாண்டிப் போகிறது என்பதைக் கவனித்தீர்களா? படத்தில் அது காது மடங்கியதுபோல் அசிங்கமாக இருக்கும். எண்ணிக்கை குறைவு என்பதற்கு அது ஓர் அறிகுறி. இதுவும் தோராயக் கணக்குதான். முறையான சோதனைக்கு மாற்று அல்ல.

இங்கே குஞ்சுகளைக் குலுக்கிப் போட்டுப் பிரித்திருக்கிறார்கள், அதனால் எடை வேறுபாட்டுக்குத் தீவனத்தைக் காரணம் காட்ட நமக்கு உரிமை உண்டு. இரண்டு பள்ளிகளின் மதிப்பெண்களை இப்படி வரைந்தால் அந்த உரிமை கிடையாது. யார் எந்தப் பள்ளியில் சேர்ந்தார்கள் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கவில்லை.

படி 7: பெட்டி மறைப்பதைத் தேடுங்கள்

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் ஓல்டு ஃபெய்த்ஃபுல் என்ற வெந்நீர் ஊற்று இருக்கிறது. அதன் 272 பீறிடல்கள் ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம் நீடித்தன என்ற தரவும் 'ஆர்' மென்பொருளோடு வருகிறது. பெட்டி வரைந்தால் 2.16 நிமிடத்திலிருந்து 4.45 நிமிடம் வரை சாதுவாக ஒரு பெட்டி, 4-இல் ஒரு கோடு. உண்மையில் அந்த ஊற்று இரண்டு நிமிடத்தை ஒட்டியோ நாலரை நிமிடத்தை ஒட்டியோதான் பெரும்பாலும் பீறிடுகிறது. பெட்டியின் நடுவே, மூன்று நிமிடத்தை ஒட்டி, வெகு சிலவே உண்டு. இந்த இரண்டு குவியல்களும், அதாவது இரண்டு திமில்களும், ஒரே பெட்டிக்குள் புதைந்துவிட்டன.

இதற்கு மருந்து எளிது. ஐம்பதுக்குக் குறைவான தரவு என்றால் பெட்டியின் மேலேயே எல்லாப் புள்ளிகளையும் கொஞ்சம் கலைத்துப் போட்டுத் தூவுங்கள். புள்ளிகளைத் தூவும்போது விலகிய புள்ளிகளைப் பெட்டி தனியாக வரையாமல் நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் 423 கிராம் குஞ்சு இரண்டு தடவை தெரியும். நிறையத் தரவு இருந்தால் எண்கள் குவிந்த இடத்தில் அகலமாகும் வயலின் வரைபடம் திமில்களைக் காட்டும்.

இன்னொன்று. சில தரவுகளில் இடைநிலை உயர உயரப் பெட்டியும் நீளும். 1942-இல் வெளியான ஒரு பூச்சிமருந்து ஆய்வில் ஆறு மருந்துகள், மருந்துக்குப் பன்னிரண்டு எண்ணிக்கைகள். மூன்றாவது மருந்தில் மிஞ்சிய பூச்சிகளின் இடைநிலை 1.5, கால்மான வீச்சு 2. ஆறாவதில் 15, 11. எண்களின் வர்க்கமூலத்தை எடுத்து மறுபடி வரைந்தால் 5.5 மடங்காக இருந்த வீச்சு வேறுபாடு இரண்டு மடங்குக்கும் கீழே வந்துவிடும். வருமானம், நிலவிலை போன்றவற்றுக்கு மடக்கை அளவுகோல் (சம இடைவெளி ஒவ்வொன்றும் சம மடங்கைக் குறிப்பது) பொருந்தும்.

படி 8: மென்பொருளில் வரைந்து, குறிப்பு எழுதுங்கள்

எக்செல் 2016 முதல் பெட்டி வரைபடம் உள்ளேயே இருக்கிறது. இரண்டு பத்திகளையும் தேர்ந்தெடுத்து, புள்ளியியல் வரைபடங்களின் பட்டியலில் அதைச் சொடுக்கினால் போதும். பெட்டிக்குள் தெரியும் பெருக்கல் குறி சராசரி. அதை இடைநிலை என்று எண்ணிக் குழம்புபவர்கள் ஏராளம். ஆர், பைத்தான் என்ற நிரல்மொழி இரண்டிலும் ஒரே வரிக் கட்டளையில் படம் வந்துவிடும்.

வந்த படம் நீங்கள் கையால் வரைந்ததோடு அப்படியே பொருந்தாமல் போகலாம். கால்மானம் கணக்கிட எக்செலிலேயே இரண்டு சார்புகள் இருக்கின்றன. சூரியகாந்திக் குழுவுக்கு ஒன்று 312.75, 340.25 என்று தருகிறது; மற்றொன்று 302.25, 340.75 என்று தருகிறது. நாம் கையால் கண்டது 307.5, 340.5. மூன்றுமே சரியான முறைகள்தான். ஆனால் 302.25-ஐயும் 340.75-ஐயும் கொண்டு வேலி போட்டால் மேல் வேலி 398.5-க்கு நகர்ந்துவிடும். வெளியே நின்ற 392 கிராம் குஞ்சு உள்ளே வந்துவிடும். அரை கிராமாக இருந்த மீசை 51 கிராமுக்கு வளர்ந்துவிடும். குஞ்சு அதே குஞ்சு, தீவனம் அதே தீவனம்.

அதனால் படத்துக்கு அடியில் சிறிய எழுத்தில் இப்படி ஒரு வரி எழுதிவையுங்கள்: "ஆறு வாரக் குஞ்சுகளின் எடை, கிராமில், அடைப்புக்குள் இருப்பது எண்ணிக்கை, கால்மானங்கள் பாதிகளின் இடைநிலையாகக் கணக்கிடப்பட்டவை, மீசைகள் கால்மான வீச்சின் 1.5 மடங்குக்குள் இருக்கும் கடைசி மதிப்பு வரை."